சக்கரம் உரசுகிறது!

வளர்கிற குழந்தைக்குச் செருப்பு வாங்கும்போது நாம் எல்லோரும் ஒரு தந்திரம் செய்வதுண்டு. "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்" என்று ஓர் அளவு கூடுதலாகவே வாங்கிவிடுவோம். கடையில் நிற்கிறபோது குழந்தையின் காலில் அந்தச் செருப்பு ராஜகம்பீரமாகத்தான் இருக்கும். நடக்க ஆரம்பித்த பிறகுதான் சங்கதி வெளியாகும். ஒரு காலின் செருப்பு மறு காலின் கணுவை இடிக்கும். மாடிப்படியில் நுனி தட்டும். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பினால் குழந்தை விழுந்தே விடும்.

நான் சொல்லப்போவது செருப்பைப் பற்றி அல்ல, நேயர்களே! ஒரு மோட்டார் வண்டியின் டயரைப் பற்றி. "சமையற் குறிப்புக்கும் தொடர்கதைக்கும் நடுவில் டயரும் ஜாக்கியும் எதற்கு அம்மா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழாமல் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயது மகனை 300 மைல் மலைப் பிரயாணத்துக்கு அனுப்பலாமா, கூடாதா என்று ஒரு தாயார் தூக்கம் இல்லாமல் தவித்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு டயரின் தோளில்தான் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்க நாலு நாள் பிடித்தது.

★

2024-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் நான் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த அரோரா என்ற ஊரில் என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். டென்வர் மாநகரை ஒட்டியுள்ள ஊர் அது. டென்வருக்கு 'ஒரு மைல் உயர நகரம்' என்று செல்லப் பெயர். கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி. வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் ராக்கி மலைத் தொடர் மே மாதத்திலும் தலையில் வெள்ளை முண்டாசு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அக்காள் மகன் ஒரு பிக்-அப் டிரக் வாங்கியிருந்தான். முன்னால் நாலைந்து பேர் உட்காரும் அறை, பின்னால் திறந்த தொட்டி. நம் ஊர்த் தெருக்களில் தண்ணீர்க் கேனும் சோபாவும் சுமந்து செல்கிறதே 'குட்டி யானை', அதற்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் இரண்டு வருஷம் மாலை வேளைகளில் மளிகைக் கடையில் பெட்டி அடுக்கிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய வண்டி அது. முன்பு வைத்திருந்தவர் அதை 3 அங்குலம் உயர்த்திவிட்டிருந்தார். அந்த நாட்டில் அதற்கென்றே 'லிஃப்ட் கிட்' என்று உருப்படிகள் விற்கின்றன. ஸ்பிரிங்குக்கு மேலே தடித்த வளையம் வைத்தோ, உயரமான ஸ்பிரிங் மாட்டியோ வண்டியின் உடம்பைச் சக்கரத்திலிருந்து தூக்கி நிறுத்துவார்கள். பாறையும் பள்ளமுமான மலைப் பாதைகளில் வண்டியின் அடிவயிறு தட்டாமல் இருக்க இது உதவும்.

அத்துடன் பையன் நின்றானா? மார்ச் மாதத்தில் பெரிய டயர்களும் புதுச் சக்கரங்களும் மாட்டிக்கொண்டு வந்தான். "உயர்த்திய வண்டிதானே, தாராளமாக இடம் இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். பார்க்கிறதற்கு இடம் இருக்கத்தான் செய்தது. வண்டி நிற்கும்போது டயருக்கு மேல் என் கையையே நுழைக்கலாம். ஆனால் வீட்டு வாசலில் திரும்பும்போதெல்லாம் 'கர்ர்... கர்ர்' என்று ஒரு சத்தம்.

"அவன் ஸ்டியரிங்கைத் திருப்புறப்பெல்லாம் என் நெஞ்சைத் துருவலகால தேங்கா துருவுற மாதிரி இருக்குதுடி" என்றாள் அக்காள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கொலராடோவின் தென்மேற்கு மூலையில் யூரே என்ற மலை ஊரில் பையனுக்குக் கோடைகால வேலை கிடைத்திருந்தது. மலைப் பாதைகளைச் செப்பனிடும் வேலை. அந்த ஊரிலிருந்து சில்வர்ட்டன் என்ற ஊருக்குப் போகும் சாலைக்கு 'மில்லியன் டாலர் சாலை' என்று பெயர். 11,018 அடி உயரமுள்ள ரெட் மவுண்டன் கணவாயைத் தாண்டிப் போகிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே ஏறக்குறைய 8,650 அடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் பல இடங்களில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். நடுவில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது.

"இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் வண்டி மலை ஏறக்கூடாது" என்று அக்காள் புதன்கிழமை இரவு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் புறப்பட வேண்டும்.

★

அக்காள் வீட்டுக்காரரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். கரூர்க்காரர். கரூர் என்றதும் கைத்தறியும் கொசுவலையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் வெறும் எலும்புக்கூடாக வந்து சேரும் சேஸிஸ்கள் முழுப் பஸ்ஸாக உருவெடுத்துப் போகும் ஊரும் அதுதான். மாமாவின் தகப்பனார் அங்கே பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். மாமா அந்தப் பட்டறைப் புழுதியில் புரண்டு வளர்ந்து, பொறியியல் படித்து, கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்காகக் கடல் கடந்தார். வந்த நாளிலிருந்து அவர் ஸ்பானர் பிடித்து அக்காள் பார்த்ததில்லை.

கல்லூரிச் சம்பளத்துக்கு ஆகும் பணத்தை மகன் வண்டியில் கொட்டிவிட்டானே என்று மாமாவுக்கு வருத்தம். அந்த வண்டியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டு மாதமாகத் தகப்பனும் மகனும் பேசிக்கொண்ட பேச்சை ஒரு தபால் தலையின் பின்புறம் எழுதிவிடலாம். "சாப்ட்டாச்சா?" "ம்." அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பையன் வண்டி நிறுத்தும் கொட்டகையில் இரும்பு அறுக்கும் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "சித்தி, பின்னாடி இருக்குற அந்த இரும்பைக் கொஞ்சம் வெட்டிட்டாப் போதும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவின் காதில் 'வெட்டு' என்ற சொல் விழுந்தது. மெதுவாக எழுந்து வந்தார்.

"எங்கே படுது?"

"பின்னாடி எங்கேயோ படுதுங்கப்பா."

"எங்கேயோ படுதுன்னா, எதை வெட்டப் போறே?"

பையன் பதில் சொல்லவில்லை. மாமா என் பக்கம் திரும்பி, "அம்மணி, சின்னவ எழுதற பலகைக்குப் பக்கத்துல சாக்பீஸ் இருக்கும். எடுத்துட்டு வா" என்றார்.

பட்டறையில் அவர் தகப்பனார் செய்ததைத்தான் அவர் செய்தார். முன் டயரின் முகத்திலும் தோளிலும் சுற்றிலும் பட்டையாகச் சாக்பீஸைத் தடவச் சொன்னார். பிறகு பையனை வண்டியில் ஏற்றி, நடக்கிற வேகத்தில் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடிக்கச் சொன்னார். பிறகு இடது பக்கம். அப்புறம் அதே இரண்டையும் ரிவர்ஸில். கடைசியாக ஒரு கனத்த மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒடிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, டார்ச் விளக்கு அடித்து, டயரில் வெள்ளை எங்கே அழிந்திருக்கிறது, மட்கார்டுக்கு உள்ளே வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தோம். துப்பறியும் தொடர்கதையில் கைரேகை தேடுவதுபோல் எனக்கு உற்சாகமாக இருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்.

சத்தம் ஒன்றாகத்தான் கேட்டது. உரசல் நாலு இடத்தில் இருந்தது. முதலாவது, டயருக்குப் பின்னால் தொங்கும் மண் தடுப்பு. இரண்டாவது, மட்கார்டுக்கு உள்ளே பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை. மூன்றாவது, முன் பம்பரின் கீழ் மூலை. இது ரிவர்ஸில் ஒடிக்கும்போது மட்டும். நாலாவதுதான் வில்லன். டிரைவர் அறையைச் சேஸிஸோடு பிணைக்கிற இரும்புத் தாங்கி ஒன்று முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதன் ஓரம் கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருந்தது.

மாமா டயரின் தோளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ரப்பரில் நகக்கண் ஆழத்துக்கு ஒரு வெட்டு.

"பிளாஸ்டிக் உரசினா சத்தம். இரும்பு உரசினா இது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பையன் குனிந்து அந்த வெட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

டயரின் அடிப்பாகம் தடிமனானது. ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவர் அப்படி அல்ல. மெல்லியது, வண்டி ஓடும்போது ஓயாமல் வளைந்து நிமிர்வது. அங்கே ஆழமாக வெட்டு விழுந்தால் ஒட்டுப் போட முடியாது. டயரையே மாற்ற வேண்டும். ஓடுகிற வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்பதை மலைச் சாலையை வர்ணித்த பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

★

உயர்த்திய வண்டியில், கை நுழைகிற இடம் இருந்தும், ஏன் உரசுகிறது? அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் மாமா எனக்குக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். பையன் எட்ட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். உங்கள் வீட்டுக் கார் டயரிலும் இருக்கும், பாருங்கள். அந்த வண்டியின் பழைய டயரில் 265/70 ஆர் 16 என்று இருந்தது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது. 16 என்பது நடுவிலுள்ள ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கூட்டிக் கழித்தால் முழு டயரின் உயரம் 30.6 அங்குலம். பையன் மாட்டிய புது டயர் 285/70 ஆர் 17. அதன் உயரம் 32.7 அங்குலம். ஆக, மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே டயர் வளர்ந்துவிட்டது. மேலே மட்டுமல்ல, முன்னாலும் பின்னாலும்தான்.

வண்டியை உயர்த்தினால் டயருக்கு மேலே இடம் கிடைக்கிறது. முன்னும் பின்னும் கிடைப்பதில்லை. மட்கார்டின் வாய் அதே அளவுதான். இரும்புத் தாங்கி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேலே கிடைத்த இடமாவது நிரந்தரமா என்றால் அதுவும் இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் மட்கார்டுக்குள் ஏறி வருகிறது. அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதை நிர்ணயிப்பது உள்ளே இருக்கிற ரப்பர் முட்டுக்கட்டை. முட்டுக்கட்டையை மாற்றாதவரையில், உயர்த்திய பிறகும் சக்கரம் ஏறக்குறையப் பழைய இடம் வரைக்கும் வந்துதான் நிற்கும். நிற்கும்போது கண்ணுக்குத் தெரிகிற இடம், குலுங்கும்போது காணாமற் போய்விடுகிறது!

இதோடு இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. புதுச் சக்கரங்கள் பழையவற்றைவிட 30 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி வார்க்கப்பட்டவை. டயரின் கூடுதல் அகலத்தில் பாதி, 10 மில்லிமீட்டர். மொத்தம் 40 மில்லிமீட்டர் வெளியே. பார்வைக்கு வண்டி தோளை விரித்துக்கொண்டு நிற்கிற பயில்வான் மாதிரி இருக்கும். ஆனால் சக்கரம் திரும்புவதைக் கதவு திறப்பதாக நினைத்துப் பாருங்கள். கீலுக்குப் பக்கத்திலுள்ள பாகம் சிறிய வட்டம் போடும். கீலைவிட்டு விலகியிருக்கும் ஓரம் பெரிய வட்டம் போடும். டயர் கீலைவிட்டு வெளியே போகப் போக, ஒடிக்கும்போது அது வீசுகிற வீச்சும் பெரிதாகிறது. சிலர் உரசல் தீர வேண்டுமென்று சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே 'ஸ்பேசர்' என்ற வளையத்தை வைத்து இன்னும் வெளியே தள்ளுகிறார்கள். உள் பக்க உரசலுக்கு அது மருந்தாகலாம். இந்த மாதிரி உரசலுக்கு அது வியாதியை வளர்க்கும்.

★

நமக்குத் தெரிந்த நல்ல தையற்காரர் ரவிக்கை இறுக்குகிறது என்றால் உடனே கத்திரியை எடுப்பாரா? முதலில் எங்கே இறுக்குகிறது என்று பார்ப்பார், தையலைப் பிரிப்பார், உள்ளே மடித்து வைத்த துணியை விடுவார். கத்திரி கடைசி. மாமாவின் முறையும் அதுவேதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மண் தடுப்புகளைக் கழற்றினார்கள். சக்கரத்துக்கு நாலு திருகாணி. பத்து நிமிஷ வேலை. அடுத்தது பிளாஸ்டிக் உறை. வெந்நீர்ப் புகைபோல் சூடான காற்றை ஊதும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அதைக் கையில் நிலையாக வைக்காமல் ஆட்டிக்கொண்டே காட்டினால் பிளாஸ்டிக் பூரி மாவுபோல் இளகும். உருகவும் கூடாது, புகையவும் கூடாது. இளகியதும் மரக்கட்டையால் பின்னே அழுத்தி, ஆறும்வரையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் உறைக்குப் பின்னால் ஒயர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பது அவசியம். சக்கரத்தருகே வரும் பிரேக் குழாயும் ஒயரும் உரசுகிறதா என்றும் மாமா ஒடித்து ஒடித்துப் பார்த்தார். நல்லவேளையாக, இல்லை.

சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேஸிஸுக்கு அடியில் இரும்பு முக்காலி கொடுத்த பிறகுதான் யாரும் உள்ளே கை வைக்கலாம். "எங்கப்பாரு பட்டறையில இதை மறந்தவனுக்கு அன்னைக்குக் கூலி கிடையாது" என்று சொன்னார். "உங்கப்பாரு" என்று சொல்லாமல் "எங்கப்பாரு" என்றாரே தவிர, சொன்னது மகனைப் பார்த்துத்தான்.

பம்பர் மூலையில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, இரண்டு விரல் அகலம் பிளாஸ்டிக்கை மட்டும் அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தார்கள். மத்தியானம் வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடைக்குப் போனார்கள்.

அலைன்மென்ட் என்றால் மூன்று கோணங்கள். அவற்றில் ஒன்றுக்குக் 'காஸ்டர்' என்று பெயர். சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கிறதே, அந்த மாதிரிச் சாய்மானம் காருக்கும் உண்டு. வண்டி நேராக ஓட அது உதவுகிறது. வண்டியை உயர்த்தினால் இந்தச் சாய்மானம் குறைந்துவிடுகிறது. கடைக்காரர் கீழ்க் கையைச் சற்று முன்னே நகர்த்திச் சாய்மானத்தைச் சரிசெய்தபோது, சக்கரமே அரை அங்குலத்துக்கும் குறைவாக முன்னால் வந்தது. அரை அங்குலம் என்பது இந்த விவகாரத்தில் ஒரு ராஜ்யம்!

மறுபடியும் சாக்பீஸ். மறுபடியும் ஒடித்தல். மண் தடுப்பு, உறை, பம்பர் மூன்றும் மௌனமாகிவிட்டன. பலகை மேல் ஏற்றி ரிவர்ஸில் முழுக்க ஒடித்தபோது மட்டும் அந்த இரும்புத் தாங்கியில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது.

★

இப்போது மூன்று வழிகள் இருந்தன. தாங்கியின் மூலையை வெட்டி எடுத்து, திறந்த வாயில் தகடு வைத்து வெல்டிங் செய்து, துருப்பிடிக்காமல் வர்ணம் பூசலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். வேலை தெரிந்த கை செய்தால் நன்றாகவே இருக்கும். இரண்டாவது, ஸ்டியரிங் முழுக்க ஒடியாதபடி கட்டுப்படுத்தலாம். ஆனால் குறுகிய மலை வளைவில் திரும்ப இடம் போதாது. மூன்றாவது, வெளியே துருத்தும் சக்கரங்களைக் கொடுத்துவிட்டு, பழைய அளவுக்கு உள்ளடங்கிய சக்கரங்களை மாட்டலாம்.

"உன் வண்டி. நீ சொல்லு" என்றார் மாமா.

பையன் வாசலில் போய் நின்று வண்டியைச் சிறிது நேரம் பார்த்தான். அந்தப் பயில்வான் தோள்தான் அவனுக்கு அந்த வண்டியில் பிடித்த அழகு என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து, "சக்கரத்தை மாத்திடலாங்கப்பா" என்றான். "வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது. சக்கரம்னா எப்ப வேணும்னாலும் மாட்டிக்கலாம்."

சனிக்கிழமை பழைய சாமான் கடையில் அளவான 17 அங்குலச் சக்கரங்கள் கிடைத்தன. மாட்டிய பிறகு உள் பக்கம் மேல் கையில் டயர் இடிக்கிறதா என்று மாமா விரல் விட்டுப் பார்த்தார். இடிக்கவில்லை. சாக்பீஸ் ஓரிடத்திலும் அழியவில்லை. வெட்டுப்பட்ட டயருக்குப் பதில் புதிது ஒன்று போட்டார்கள். மாமா பணம் கொடுத்தார். "கடனாத்தான். சம்பளம் வந்ததும் தந்துடறேன்" என்று பையன் சொன்னதை அவர் மறுக்கவில்லை. மறுக்காததுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் அக்காளைக் கூப்பிட்டோம். சமையலறை முக்காலியைப் போட்டுத்தான் அவள் அந்த வண்டியில் ஏற முடிந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பக்கமும் ஒடித்து, வேகத்தடை மேல் ஏற்றி இறக்கி, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினான் பையன். சத்தம் இல்லை. தகப்பனும் மகனும் பரீட்சை எழுதிய பிள்ளைகள்போல் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஸ்டெப்னி?" என்றாள் அக்காள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னி பழைய 30.6 அங்குல டயர்! நாலு நாளாக மூன்று பேர் டார்ச் அடித்துப் பார்த்தும் ஒருவருக்கும் தோன்றாததை, சின்ன வயதில் ராத்திரி பஸ் பஞ்சராகி நடுவழியில் நின்ற அனுபவம் உள்ளவள் கேட்டுவிட்டாள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் மூன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக மாட்டி மலையில் ஓட்டினால், சின்னச் சக்கரம் அதிகச் சுற்றுச் சுற்றும்; உள்ளேயிருக்கும் பல் சக்கரங்கள் திணறும். கடை மூடுவதற்குள் ஓடிப்போய் ஐந்தாவது சக்கரமும் டயரும் வாங்கி, அடியில் பொருந்துகிறதா என்று பார்த்து மாட்டினார்கள்.

ஞாயிறு காலையில் அவன் புறப்பட்டபோது அக்காள் இரண்டு கட்டளைகள் பிறப்பித்தாள். புது டயர் பெரியது. ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது. ஆகவே மீட்டர் 60 மைல் வேகம் காட்டும்போது வண்டி உண்மையில் 64-ல் போகும். அதைக் கணக்கு வைத்து ஓட்ட வேண்டும். கழற்றி மாட்டிய சக்கரம் என்பதால் 50 மைல் ஆனதும் நிறுத்தி நட்டுகளை முறுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டையும் முந்தின இரவு மாமாதான் அவளுக்குச் சொல்லியிருந்தார். தாம் சொன்னால் பையன் கேட்பானோ மாட்டானோ என்று மனைவி மூலம் சொல்லி அனுப்பினாராம்.

ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து போன் வந்தது. அதற்கப்பால், 11,000 அடிக்கு மேல் மலையைக் குடைந்து 1973-ல் திறந்த ஐஸன்ஹோவர் சுரங்கப்பாதை. "நட்டெல்லாம் சரியா இருக்குதும்மா" என்றான். பிறகு, "அப்பா இருக்காரா? கொஞ்சம் குடுங்க" என்றான். மாமா போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று.

★

நேயர்களே! நம் நாட்டில் யாராவது உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் "வண்டியை உயர்த்தலாம், பெரிய டயர் போடலாம்" என்று ஆசை காட்டினால், முதலில் ஒன்று சொல்லுங்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர்கள் நிர்ணயித்து, பதிவுப் புத்தகத்தில் கண்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்திருக்கிறது.

உயர்த்தாத சாதாரண வண்டிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். டயர் மாற்றும்போது பழைய டயரின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். வேறு அளவு கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். திரும்பும்போது புதிதாகச் சத்தம் கேட்டால், "ஓடஓடச் சரியாகிவிடும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். ஓடஓடத் தேய்வது பிளாஸ்டிக்கா, டயரா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு நாலணா சாக்பீஸ் போதும். ஸ்டெப்னியின் அளவையும், அதில் காற்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவையுங்கள்.

கடைக்காரர் மட்கார்டுக்குள் கையை விட்டுக் காட்டி, "பாருங்கள் அம்மா, எவ்வளவு இடம் இருக்கிறது!" என்று சொல்லுவார். நீங்கள் தலையை ஆட்டிவிடாதீர்கள். "ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.